நினைவுக்கு ஒரு பூம்பாத்தி: நிலைத்து நிற்கும் வண்ணச் செடிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



வஃபாத்தாகிவிட்ட தாய், தந்தை, பிள்ளைகள் நினைவாக நமது மருந்தக வளாகத்திலோ பள்ளிக்கூட வளாகத்திலோ சிறியதொரு பூம்பாத்தி அமைத்துத் தர விரும்புவதாகக் கடந்த சில மாதங்களில் சில குடும்பத்தார் அலுவலகத்துக்கு வந்து கேட்டார்கள். நல்ல நிய்யத். எந்தச் செடி வாங்குவது, எத்தனை வாங்குவது, யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விகள் எல்லோரிடமும் இருந்தன. தனித்தனியே சொன்ன விவரங்களை அனைவருக்கும் பயன்படும்படி இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். இது கபரஸ்தானைப் பற்றிய கட்டுரை அல்ல. கபரின் மீது செடி நடுவது குறித்து ஐயம் உள்ளவர்கள் தங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். மக்கள் வந்து போகும் பொது வளாகத்தில், மர்ஹூம்களின் நினைவாக அமைக்கும் பாத்தியைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

கேட்க வேண்டிய கேள்வி எது?

பல ஊர்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பளபளப்பான கருங்கல் பலகை இருக்கும். அதில் பெயர், பிறந்த தேதி, மறைந்த தேதி எல்லாம் செதுக்கப்பட்டிருக்கும். அதன் கீழே காய்ந்த குச்சிகளும் பிளாஸ்டிக் காகிதமும் கிடக்கும். நட்ட அன்று எல்லோரும் நின்று துஆ செய்திருப்பார்கள். பிறகு ஏப்ரல், மே விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் பாத்தி போயிருக்கும். அந்த வழியாகப் போகும் குடும்பத்தாருக்கு அது இரண்டாவது துக்கம்.

ஆகவே, “எந்தப் பூ அழகு?” என்று தொடங்க வேண்டாம். “நாம் அருகில் இல்லாத நாட்களில் எந்தச் செடி தாங்கும்?” என்று தொடங்குங்கள். இதற்கு விடை கிடைத்துவிட்டால் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது.

ஒரு பருவச் செடியும் பல்லாண்டுச் செடியும்

நர்சரியில் கண்ணைப் பறிக்கும் செடிகளில் பாதிக்கு மேல் ஒரு பருவச் செடிகள். செண்டுமல்லி, காசித்தும்பை, ஜினியா, கோழிக்கொண்டை ஆகியவை இந்த வகை. விதைத்து இரண்டு மாதத்தில் பூத்து, இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் விதை விட்டுக் காய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக நட வேண்டும். வீட்டு முற்றத்தில் அது ஒரு பொழுதுபோக்கு. நினைவுப் பாத்தியில் அது ஆண்டுக்கு மூன்று முறை திரும்பி வரும் செலவு.

பல்லாண்டுச் செடிகள் அப்படியல்ல. பூத்து ஓய்ந்த பிறகும் செடி இருக்கும். அடுத்த பருவத்தில் மறுபடியும் பூக்கும். இவற்றில் மூன்று வகை உண்டு. இட்லிப்பூ போலக் கட்டைத் தண்டுடன் புதராக நிற்பவை. நித்தியகல்யாணி, கனகாம்பரம் போலக் குட்டையாகப் படர்ந்து இரண்டு மூன்று ஆண்டு நிற்பவை. கல்வாழை, மழை லில்லி போல மண்ணுக்கடியில் கிழங்கிலோ குமிழிலோ உணவைச் சேமித்து வைத்துக்கொள்பவை. மூன்றாவது வகையில் சில, மேலே இலை முழுவதும் காய்ந்துபோனாலும் முதல் மழைக்குத் துளிர்த்துவிடும். மாண்டுபோன மண் மழையால் உயிர்பெறுவதைக் குர்ஆன் பல இடங்களில் அத்தாட்சியாக எடுத்துக்காட்டுவதை ஓதுபவர்கள் அறிவார்கள். அதைக் கண்ணெதிரே காட்டும் செடிகள் இவை.

மூன்று வகையையும் கலந்து வைத்தால், ஒன்று ஓய்ந்திருக்கும்போது இன்னொன்று பூத்திருக்கும்.

செடி வாங்கும் முன் இடத்தைப் பாருங்கள்

வெயில்: தேர்ந்தெடுத்த இடத்தில் காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி என மூன்று முறை போய் நின்று பாருங்கள். பெரும்பாலான பூச்செடிகளுக்கு ஒரு நாளில் 5 முதல் 6 மணி நேர வெயில் வேண்டும். கிழக்குப் பார்த்த சுவரோரம் மிக நல்லது. அங்கே காலை வெயில் கிடைக்கும். பிற்பகல் சூட்டைச் சுவர் தடுத்துவிடும். வேப்ப மரத்தின் அடியில் நிழலும் உண்டு, மரத்தின் வேர்ப் போட்டியும் உண்டு. அங்கே பாத்தி வேண்டாம்.

தண்ணீர்: நமதூர் போன்ற கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உவர்ப்பாகவே இருக்கிறது. வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் தண்ணீர் செடிக்கும் கரிக்கும். இலை ஓரம் கருகும், மண்ணின் மேல் வெள்ளைப் படிவு தெரியும். அத்தகைய இடத்தில் உப்பைத் தாங்கும் செடிகளை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மண்: புதிய கட்டடங்களின் ஓரத்தில் மண்ணுக்கடியில் சிமெண்டுக் கழிவும் சுண்ணாம்பும் உடைந்த செங்கல்லும் புதைந்திருக்கும். இவை மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடும். இட்லிப்பூ அங்கே பிழைக்காது. அரை அடி ஆழத்துக்குத் தோண்டி அந்தக் குப்பையை முழுவதும் அகற்றிவிட்டுப் புதிய மண்ணைப் போடுங்கள்.

நம் மண்ணில் நிற்கும் செடிகள்

நித்தியகல்யாணி: பெயருக்கேற்ப ஆண்டு முழுவதும் பூக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா கலந்த சிவப்பு, நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளை எனப் பல நிறங்கள். மணலிலும் உவர் நிலத்திலும் வளரும். ஆடு மாடு வாய் வைக்காது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பு தெருவெல்லாம் கிடாய்கள் நடமாடும் நம் பகுதியில் இது சாதாரணத் தகுதி அல்ல. ஒரே குறை, தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

இதைக் கல்லறைப்பூ, சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் வைக்கத் தயங்குவோர் உண்டு. ஆனால் மடகாஸ்கர் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய இந்தச் செடியிலிருந்துதான் புற்றுநோய்க்கான இரண்டு முக்கிய மருந்துகள் கிடைத்தன. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலைக் கஷாயத்தைக் குடித்து வந்தார்கள். அதை ஆராயப் போன கனடா நாட்டு விஞ்ஞானிகள், அது வெள்ளை அணுக்களைக் குறைப்பதைக் கண்டு, 1958இல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு கண்டறியப்பட்ட வின்கிரிஸ்டின் மருந்துக்கு 1963இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது தரப்படுகிறது. மருந்தக வளாகத்தில் வைக்க இதைவிடப் பொருத்தமான செடி இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: சர்க்கரை குறையும் என்று இதன் இலையையோ பூவையோ மெல்லுவதும் காய்ச்சிக் குடிப்பதும் ஆபத்து. மருந்தாகும் அதே பொருள் அளவு தெரியாமல் உட்கொண்டால் நஞ்சு.

இட்லிப்பூ: வெட்சி என்று இலக்கியம் சொல்வது இதைத்தான். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், இளஞ்சிவப்பு நிறங்களில் கிடைக்கும். சிறிய பாத்திக்குக் குட்டை ரகத்தையே கேட்டு வாங்குங்கள். வேர் பிடித்துவிட்டால் பல ஆண்டு நிற்கும். நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறினால் அது இரும்புச் சத்துக் குறைவு. அன்னபேதி உப்பை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து மாலையில் இலைமீது தெளித்தால் சரியாகும். தண்ணீர் மிகவும் உவர்ப்பான இடத்தில் இட்லிப்பூவைத் தவிர்த்துவிடுங்கள்.

கனகாம்பரம்: இதுவும் நம் மண்ணின் செடிதான். ஓரளவு நிழலிலும் பூக்கும். சாதாரண ஆரஞ்சு ரகத்தின் காய், மழைத்துளி பட்டால் படபடவென்று வெடித்து விதையைச் சிதறும். தானாகவே கன்று முளைக்கும். டெல்லி கனகாம்பரம் என்று விற்கும் ரகத்தில் விதை பிடிக்காது. தண்டு வைத்துத்தான் வளர்க்க வேண்டும். வேரில் நூற்புழு தாக்குவது இதன் பலவீனம். நடும்போதே குழிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு போட வேண்டும்.

டிசம்பர் பூ: ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களில் அக்டோபர் முதல் ஜனவரி வரை பூக்கும். மற்ற மாதங்களில் பச்சைப் புதராக நிற்கும். ஒரு சாண் தண்டை ஒடித்து நட்டால் போதும், வேர் பிடித்துவிடும். காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை; அண்டை வீட்டில் கேட்டால் தருவார்கள். பள்ளிக்கூட வளாகத்தில் பாத்தி கேட்டு வந்த ஒரு தாய், வேறு எந்தப் பூவும் வேண்டாம், ஊதா டிசம்பர் பூ மட்டும் இருந்தால் போதும் என்றார். மறைந்த மகள் அந்தப் பூவைத்தான் விரும்பி வைத்துக்கொண்டு பள்ளிக்கு வருவாளாம். இப்படி ஒரு காரணம் இருந்தால் அதையே பாத்தியின் மையமாக வைத்து மற்றவற்றைச் சுற்றிலும் அமைக்கலாம்.

மழை லில்லி: வெங்காயம் போன்ற சிறு குமிழிலிருந்து புல்லைப்போல் இலை விடும். நல்ல மழை பெய்த சில நாட்களில் வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் பூக்கள் மொத்தமாக எழும். பாத்தியின் ஓரத்தில் வரிசையாக நட்டால் கரை கட்டியது போல இருக்கும். இரண்டு மூன்று ஆண்டில் ஒரு குமிழ் பத்தாகப் பெருகும்.

ஃபுட்பால் லில்லி: மே மாதத்தில் கோடை மழையை ஒட்டி ஒரே ஒரு முறை பூக்கும். நூற்றுக்கணக்கான செந்நிறச் சிறு பூக்கள் சேர்ந்து பந்து போல நிற்கும். பிறகு இலை வரும். ஆண்டுக் கடைசியில் இலையும் காய்ந்து மண்ணுக்குள் உறங்கிவிடும். மற்றவை வாடிக் கிடக்கும் கோடையில் இது பூப்பதால் சில குமிழ்களாவது வைப்பது நல்லது. உறங்கும் காலத்தில் செடி செத்துவிட்டதென்று தோண்டி எறிந்துவிடாமல் இருக்க, அந்த இடத்தில் ஒரு சிறு கல்லை அடையாளமாக வையுங்கள்.

கல்வாழை: சிவப்பு, மஞ்சள், புள்ளி வைத்த ஆரஞ்சு எனப் பெரிய பூக்கள். ஈரம் நிறைந்த இடத்தை விரும்பும். ஒளு செய்யும் இடத்தின் வாய்க்கால் முடியுமிடத்தில் இதை வைக்கலாம். கறுத்துக் கெட்டியான இதன் விதைகளை மணியாகக் கோர்ப்பவர்களும் உண்டு. மிக வேகமாகப் பரவும். ஆண்டுக்கு ஒரு முறை கிழங்கைப் பிரித்துக் குறைக்க வேண்டும்.

அந்திமந்தாரை: அஸர் நேரத்தை ஒட்டி விரிந்து, மஃரிபுக்கு மணம் பரப்பி, மறுநாள் காலையில் வாடிவிடும். உருதுவில் குலே அப்பாஸ் என்பார்கள். ஒரே செடியில் இரு நிறம் கலந்த பூக்களும் வரும். மாலையில் நோயாளிகள் வந்து காத்திருக்கும் இடத்துக்கு ஏற்றது. விதையும் கிழங்கும் நஞ்சு. மிளகு போன்ற விதையைப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடுவார்கள் என்பதால் மழலையர் வகுப்பருகே வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை

அரளி உவரையும் வறட்சியையும் தாங்கும்; நிறமும் உண்டு. ஆனால் வேர் முதல் பூ வரை முழுவதும் நஞ்சு. பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அதற்கு இடமில்லை. உன்னிச்செடி நர்சரியில் அழகாக இருக்கும். அதே செடிதான் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புதராகப் பரவி வன விலங்குகளின் மேய்ச்சலை அழிக்கிறது. காகிதப்பூவுக்கு முள்ளும் உண்டு, பரப்பும் வேண்டும். பெரிய மதிலோரத்துக்கு அது சரி, 4 அடிப் பாத்திக்கு அல்ல. செம்பருத்தி பெரிதாக வளரும், மாவுப்பூச்சி பிடிக்கும், ஆடு விரும்பித் தின்னும். ரோஜா அழகுதான், கவாத்து, உரம், பூச்சி மருந்து என்று ஓர் ஆள் கூடவே இருக்க வேண்டும்.

ஊட்டி, பெங்களூர் போய்வந்தவர்கள் அங்கே பார்த்த செடியை வாங்கிவந்து வைக்க ஆசைப்படுகிறார்கள். ஹைட்ரேஞ்சியா, ஃபியூஷியா போன்றவை குளிர்ந்த மலைக்குரியவை. லாவெண்டர், டுலிப் போன்றவற்றைச் செல்பேசிக் காணொளியில் பார்த்து விதை வரவழைப்பவர்களும் உண்டு. நம் மே மாத வெயிலில் அவை ஒரு வாரம் தாங்கா.

10 அடிக்கு 4 அடிப் பாத்தி: ஒரு மாதிரி

பாத்தியைச் சுவரை ஒட்டி அமைக்காமல் ஓர் அடி தள்ளி அமையுங்கள். சுவருக்கு ஈரம் ஏறாது. பின்பக்கம் நின்று களை எடுக்கவும் வசதி. 4 அடிக்கு மேல் அகலம் வேண்டாம். இரு பக்கமும் கை நடுவரை எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்து மிதிக்கும் நிலை வரக்கூடாது.

அரை அடி தோண்டி, அரை அடி உயர்த்தினால் ஓர் அடி ஆழ மண் தேவை. அதாவது 40 கன அடி. செம்மண் 20, மணல் 10, நன்கு மக்கிய சாண எரு 10 கன அடி என்று கலந்து, வேப்பம் புண்ணாக்கு 2 கிலோ சேருங்கள். உங்கள் இடமே மணற்பாங்கு என்றால் மணலை வெளியிலிருந்து வாங்க வேண்டாம்.

பின்வரிசையில் 2 அடி இடைவெளியில் 5 செடிகள்: குட்டை இட்லிப்பூ 3, இடையிடையே டிசம்பர் பூ 2. நடுவரிசையில் ஒன்றேகால் அடி இடைவெளியில் கனகாம்பரம் 8. முன்வரிசையில் ஓர் அடி இடைவெளியில் வெள்ளை நித்தியகல்யாணி 10. கரையோரம் 3 அங்குலத்துக்கு ஒன்றாக மழை லில்லிக் குமிழ் 40. நடுவரிசையில் கனகாம்பரங்களுக்கு இடையே ஃபுட்பால் லில்லி 5. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். வகைக்கு ஒன்றாக இருபது வகை வைத்தால் நர்சரி போலத் தோன்றும். ஆறு வகையைக் கூட்டமாக வைத்தால்தான் பாத்தியாகத் தோன்றும்.

நிறத்தைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் சொல்கிறேன். சிவப்பு, ஆரஞ்சு, ஊதா மூன்றும் ஒரே இடத்தில் நெருக்கினால் கண் கூசும். முன்னால் வெள்ளை இருந்தால் மற்ற நிறங்கள் அமைதி பெறும். மஃரிபு வேளையில் மங்கிய ஒளியிலும் வெள்ளை மட்டும் தெரியும்.

உவர் தண்ணீர் உள்ள இடத்தில் இட்லிப்பூ இருக்கும் இடத்தில் உயரமான நித்தியகல்யாணியையே வைத்து, இரண்டு நிறமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எப்போது நடுவது?

பெரும்பாலோர் நினைவு நாளில் நட விரும்புகிறார்கள். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே அந்தத் தேதி ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஒரு சமயம் மழைக்காலத்திலும் ஒரு சமயம் கத்திரி வெயிலிலும் வரும். மே மாதத்தில் நட்டால் செடி தாங்காது. செடிக்கு மாதம் பருவக்காற்றுதான்.

ஜூலை, ஆகஸ்டில் மண்ணைத் தயார் செய்து, ஆகஸ்டு கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் நட்டுவிடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வேர் பிடித்துவிடும். நவம்பர் அடைமழையில் தண்ணீர் தேங்காமல் வழிந்தோட, அரை அடி உயர்த்தியது கைகொடுக்கும்.

தண்ணீர்: கையருகே இருப்பது

40 சதுர அடிப் பாத்திக்குக் கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் தண்ணீர் போதும். 10 லிட்டர் வாளியில் இரண்டு. மழைக்காலத்தில் தேவையே இராது. குழாயைத் திறந்து ஒளு செய்யும் ஒருவர் 4 லிட்டர் செலவிடுகிறார் என்று வைத்துக்கொண்டாலும், 5 பேரின் ஒளு நீர் ஒரு நாளைக்கு ஒரு பாத்தியைக் காப்பாற்றிவிடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரு கை கொள்ளும் ஒரு முத் அளவு நீரிலேயே ஒளு செய்ததாக ஹதீஸ்களில் வருவது வேறு விஷயம். நாம் அந்தச் சிக்கனத்துக்கு வரும்வரை, ஓடும் நீரையாவது வீணாக்காமல் இருக்கலாம்.

ஒளு செய்து வழிந்த நீர் அசுத்தமானதல்ல. அதைக் கொண்டு இன்னொரு முறை ஒளு செய்ய முடியாது என்பதே ஃபிக்ஹு நூல்களின் பொதுவான விளக்கம். செடிக்குப் பாய்ச்சத் தடை ஏதுமில்லை. ஹவுழ் ஓரத்து வாய்க்காலிலிருந்து ஒரு பிவிசி குழாயைச் சிறு சரிவில் பாத்திவரை கொண்டுவந்தால் போதும். சோப்புப் போட்டுக் கை கழுவும் தண்ணீரும் கழிப்பறைத் தண்ணீரும் அந்தக் குழாயில் சேரக்கூடாது. குழாய் முடியுமிடத்தில் நீர் தேங்கிக் கொசு பெருகாமல் பார்க்க வேண்டும்.

செடிகளுக்கிடையே காய்ந்த இலைச் சருகையோ கழுவிய தேங்காய் நார்க்கழிவையோ 2 அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். ஈரம் காயாது, களையும் குறையும்.

ஆண்டுப் பராமரிப்பு

பல்லாண்டுச் செடி என்றால் பார்க்காமலே வாழும் செடி என்று பொருளல்ல. பிப்ரவரியில் டிசம்பர் பூவைப் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். மழை முடிந்ததும், ஜூன் மாதத்திலும் நித்தியகல்யாணியின் நுனியை வெட்டினால் கிளைத்துப் பூக்கும். இரண்டு ஆண்டில் அது குச்சியாகிவிடும். அதற்குள் அடியில் தானாக முளைத்திருக்கும் கன்றுகளை அதன் இடத்தில் நட்டுவிடலாம். கனகாம்பரத்தை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஆண்டுக்கு இரு முறை, பாத்திக்கு 10 கிலோ மண்புழு உரம் போதும்.

பூவைப் பறிக்கக்கூடாது என்று பலகை மாட்ட வேண்டாம் என்பது என் கருத்து. கனகாம்பரத்தைப் பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும். மருந்து வாங்க வந்த ஒரு பெண் நான்கு பூ பறித்துப் போனால் பாத்தி குறைந்துவிடாது. நட்டதிலிருந்து பிற உயிர்கள் பெறும் பயனிலும் நட்டவருக்கு நன்மை உண்டு என்பது நாம் ஹதீஸ் வழி அறிந்ததே. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் அந்தக் கணக்கில் அடங்கும்.

அனுமதியும் பொறுப்பும்

வக்ஃபு நிலத்திலோ அறக்கட்டளை நிலத்திலோ செடி நட நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். நட்ட பிறகு அது நிறுவனத்துக்குரியது. நாளை அந்த இடத்தில் கட்டடம் வருமானால் பாத்தியை இடம் மாற்ற நேரிடலாம் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஜகாத் பணத்தை இதற்குப் பயன்படுத்த முடியாது. அதன் எட்டு வகையினர் குறிப்பிடப்பட்டவர்கள். பொது நன்கொடையிலிருந்து மட்டும் செய்யுங்கள். ஏழை நோயாளியின் மருந்துக்கு நினைத்து வைத்த தொகையைக் குறைத்துப் பூச்செடிக்குத் தர வேண்டாம். இரண்டும் முடிந்தால் இரண்டும். ஒன்றுதான் முடியும் என்றால் மருந்து.

தண்ணீர் ஊற்றும் வேலையை மோதினார் மீதோ ஆயாம்மா மீதோ கூலியின்றி ஏற்றி வைப்பது நியாயமல்ல. மாதம் ஒரு தொகை பேசி, ஓர் ஆண்டுக்கு உரியதை முன்கூட்டியே அலுவலகத்தில் செலுத்துங்கள். முக்கியமாக ஏப்ரல், மே மாதங்களுக்குப் பொறுப்பாளர்கள் இருவரின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் பார்ப்பார். பாத்திக்கென ஒதுக்கும் தொகையில் பாதியைச் செடிக்கும் மண்ணுக்கும், மறு பாதியைத் தண்ணீர் ஊற்றுபவருக்கும் என்று வகுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

கல் பலகைக்கு அதில் பங்கு வைக்கவில்லையே என்று கேட்கலாம். பலகை வேண்டுமென்றால் ஓர் ஆண்டு கழித்து வையுங்கள். ஒரு கோடையைத் தாண்டிப் பாத்தி நின்றால் அதற்குப் பெயர் பொருந்தும். பெயரே வேண்டாம், அல்லாஹ்வுக்குத் தெரிந்தால் போதும் என்று சொன்ன குடும்பமும் உண்டு; அதுவும் அழகே.

ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் தம் தாயாரின் நன்மைக்காகக் கிணறு ஏற்படுத்தித் தந்த செய்தியை நாம் கேட்டிருக்கிறோம். தாயின் பெயரில் அவர் தேர்ந்தெடுத்தது தண்ணீர். நம் பாத்திக்கும் அதுதான் உயிர். நடும் நாளில் நூறு பேர் வருவதைவிட, மே மாதத்து மாலையில் வாளியுடன் ஒருவர் வருவதே மர்ஹூம்களின் நினைவைக் காக்கும்.

வரும் செப்டம்பரில் பாத்தி அமைக்க விரும்புவோர் ஜூலைக்குள் அலுவலகத்தில் தெரிவியுங்கள். இடத்தையும் தண்ணீரையும் சேர்ந்து பார்த்து முடிவு செய்வோம், இன்ஷா அல்லாஹ். மழை லில்லிக் குமிழ், டிசம்பர் பூத் தண்டு ஆகியவற்றைத் தம் வீட்டிலிருந்து தரக்கூடியவர்களும் பெயர் கொடுக்கலாம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்